ஹரமுக்கின் முதுகுப் பக்கம்

ஹரமுக் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை பாம்பு விஷம் ஏறாது என்று காஷ்மீரில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மலையுச்சியில் மரகதத்தால் ஆன ஒரு பாறைக் கீற்று ஓடுகிறதாம். அது இருக்கும் தைரியத்தில்தான் பள்ளத்தாக்கு ஜனங்கள் புல்லறுக்கப் பயமில்லாமல் போகிறார்களாம். நிலவரித் திட்ட அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ், 1895இல் வெளிவந்த காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு பற்றிய தன் பெரிய நூலில் இந்த மரகதக் கதையையும் சேர்த்திருக்கிறார். வரிக்கணக்கு எழுத வந்தவர் காதில் விழுந்ததையெல்லாம் எழுதி வைத்தது நம் அதிர்ஷ்டம்.

வானம் தெளிவாக இருக்கிற காலையில் ஸ்ரீநகரிலிருந்து வடக்கே பார்த்தால் ஹரமுக் தெரியும். 5,142 மீட்டர் உயரம். இமயமலைக் கணக்கில் அது பெரிய உயரம் இல்லை. பக்கத்து வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல் தனியாக, அகலமாக நிற்பதால் பெரிதாகத் தோன்றுகிறது. சிவனின் முகம் என்பதால் அந்தப் பெயர். ஆனால் நகரத்துக்காரர்கள் பார்ப்பது ஒரு பக்கத்தைத்தான். பனியாறு தொங்கிக்கொண்டிருப்பதும், அதன் காலடியில் நுந்த்கோல், கங்காபல் என்ற இரண்டு ஏரிகள் இருப்பதும் வடகிழக்கில், மலையின் முதுகுப் பக்கத்தில். அங்கே போக நாராநாக் என்ற சிற்றூரிலிருந்து நடக்க வேண்டும்.

ஸ்ரீநகரிலிருந்து சோனமார்க் போகும் சாலையில் கங்கன் வரை போய், அங்கிருந்து இடதுபுறம் திரும்பினால் நாராநாக். கூடவே வரும் ஆற்றுக்கு சிந்த் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்த சிந்து நதி இதுதான் என்று வண்டியில் இருந்த ஒருவர் தன் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். அது வேறு, இது வேறு. இந்த சிந்த் ஷாதிபூரில் ஜீலத்தோடு சேர்ந்துவிடும். ஜீலம் செனாபில் கலந்து, அதன் பிறகுதான் உண்மையான சிந்துவைப் போய்ச் சேரும். குழந்தைகள் ஆர்வமாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

நாராநாக்கில் வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் குதிரை பேசுவார்கள், அல்லது தேநீர்க் கடைக்குள் போவார்கள். நான்கு எட்டில் இருக்கும் கோயில் இடிபாடுகளைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. சாம்பல் நிறக் கருங்கல்லில் இரண்டு கோயில் தொகுதிகள், கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கின்றன. கூரைகள் போய்விட்டன. சுவர்களின் கனத்தையும் வாசல் வளைவுகளின் முக்கோண முகப்பையும் பார்த்தால் எட்டாம் நூற்றாண்டின் மார்த்தாண்டர் கோயில் நினைவுக்கு வரும். அதைக் கட்டிய மன்னன் லலிதாதித்யன் காலத்துக் கை இங்கேயும் பட்டிருக்கிறது. ஒரே பாறையைக் குடைந்து செய்த நீண்ட தொட்டி ஒன்று கிடக்கிறது. அப்பால் கல் கட்டிய குளத்தில் ஊற்று இன்னும் சுரக்கிறது. பெண்கள் குடத்தில் நீர் எடுத்துப் போகிறார்கள். தொல்லியல் துறையின் நீலப் பலகையை விட அந்தக் குடங்கள்தான் இடத்தை உயிரோடு வைத்திருப்பதாகப் பட்டது.

இதுதான் காஷ்மீர் மன்னர்களின் வரலாறான ராஜதரங்கிணியில் வரும் பூதேசர் கோயில் என்று அடையாளம் கண்டவர் ஆரல் ஸ்டைன். நடு ஆசியப் பாலைவனங்களில் சுவடி தேடியவராகத்தான் அவரை உலகுக்குத் தெரியும். ஆனால் அவர் பல கோடைகளைக் கழித்தது இந்த சிந்த் பள்ளத்தாக்குக்கு மேலே, மொஹந்த் மார்க் என்ற புல்வெளியில், ஒரு கூடாரத்தில். ராஜதரங்கிணியின் மொழிபெயர்ப்பை 1900இல் வெளியிட்டார். அதை எழுதிய கல்ஹணர் 12ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய அப்பா சண்பகர், காஷ்மீர் மன்னன் ஹர்ஷனின் அமைச்சர். அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே ஆண்டுதோறும் சில நாட்கள் நந்திக்ஷேத்திரத்துக்கு வந்து தங்கிவிடுவாராம். அந்த நந்திக்ஷேத்திரம்தான் இந்தக் கோயிலும், மேலே இருக்கும் ஏரிகளும். விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடும் அரசு ஊழியர் தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்பும் இருந்திருக்கிறார்.

நாராநாக் சுமார் 7,000 அடி. கங்காபல் சுமார் 11,700 அடி. இடையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். கணக்கைப் பார்த்தால் சாதுவான ஏற்றம் போலத் தோன்றும். பாதை அப்படி நடந்துகொள்ளவில்லை. ஏற்றத்தின் பெரும்பங்கை முதல் சில கிலோமீட்டரிலேயே வாங்கிக்கொண்டுவிடுகிறது. பைன் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் மண்பாதை. குதிரைக் குளம்புகள் அதை மாவாக அரைத்து வைத்திருக்கின்றன. ஆகஸ்ட் கடைசி. பருவமழை மேகங்களில் பெரும்பகுதியை பீர் பஞ்சால் மலைகள் தெற்கிலேயே தடுத்துவிடுவதால் இங்கே அந்த மாதம் நடப்பதற்கு ஏற்றது. வெயில் மட்டும் இரக்கமில்லாதது.

என் மூட்டையைச் சுமந்த குதிரையின் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய குஜ்ஜர். மருதாணியிட்ட தாடி, ரப்பர் செருப்பு. நான் "சாச்சா" என்றேன்; அவர் என்னை "பாயி ஸாப்" என்றார். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய என் காலணியை அவர் பார்த்த பார்வையில் பரிகாசம் இல்லை, வெறும் ஆர்வம்தான். "இதுல கால் வேர்க்காதா?" என்றார். வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஏற ஏறக் காடு மாறும். முதலில் பைன், அப்புறம் ஃபிர், கடைசியில் பூர்ஜ மரங்கள். மரங்களின் எல்லைக் காவலர்கள் அவை. அதற்கு மேலே புல்லும் பாறையும்தான். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக உரியும் அந்தப் பட்டையில்தான் காஷ்மீர் நெடுங்காலம் எழுதியது. நமக்குப் பனையோலை என்றால் அவர்களுக்கு பூர்ஜப் பட்டை. பைப்பலாத சாகை அதர்வ வேதத்தின் புகழ்பெற்ற சாரதா எழுத்துச் சுவடி பூர்ஜப் பட்டையில் இருந்தது. அதே பட்டையைக் கூரை மண்ணுக்கு அடியில் பரப்பினால் நீர் ஒழுகாது என்று சாச்சா சொன்னார். வேதத்துக்கும் கூரைக்கும் ஒரே பொருள் போதுமானதாக இருந்த ஊர்.

காடு முடிந்ததும் த்ருன்கோல் புல்வெளி. சட்டென்று கண் விரிகிறது. அங்கங்கே கோட்டாக்கள்: பெரிய மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டி, தட்டையான மண்கூரை போட்ட குஜ்ஜர் கோடைவீடுகள். கூரையிலும் புல் முளைத்திருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் நிலமே கொஞ்சம் எழுந்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். எருமை வைத்திருப்பவர்கள் குஜ்ஜர்கள், ஆடு மேய்ப்பவர்கள் பக்கர்வால்கள். பக்கர்வால்களுக்கு இந்த வீடுகள்கூடக் கிடையாது, கூடாரம்தான். குளிர்காலத்தில் ஜம்மு பக்கத்துத் தாழ்ந்த மலைகளில் இருப்பார்கள். வசந்தத்தில் கிளம்பி மலைமலையாகத் தாண்டி இங்கே வருவார்கள். பனி விழும் முன் திரும்பி இறங்குவார்கள். அடையாள அட்டையைக் கேட்ட ராணுவச் சாவடியில் எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்த வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் சாச்சாவும் தன் அட்டையை எடுத்துக் காட்டினார்.

ஒரு கோட்டாவில் நூன் சாய் கிடைத்தது. உப்பும் சோடாவும் போட்டு, இளஞ்சிவப்பாகும் வரை கொதிக்க வைத்த தேநீர். கூடவே மக்காச்சோள ரொட்டி. இனிப்பை எதிர்பார்த்து முதல் வாய் குடிப்பவன் அதை வெறுத்துவிடுவான். ரசம் என்று நினைத்துக்கொண்டு குடித்தால் பிடித்துவிடும். அங்கே உட்கார்ந்துதான் ஹரமுக் சாமியார் கதையைக் கேட்டேன். காஷ்மீரில் இதைப் பல விதமாகச் சொல்கிறார்கள். சாச்சா சொன்னது குஜ்ஜர் பக்கத்துக் கதை.

சிவனை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று ஒரு சாமியார் பன்னிரண்டு வருடம் இந்த மலையில் ஏறிப் பார்த்தாராம். ஒவ்வொரு முறையும் பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு நாள் மேலேயிருந்து ஒரு குஜ்ஜர் சாவகாசமாக இறங்கி வந்தான். காணாமல் போன ஆட்டைத் தேடிப் போனானாம். "மேலே என்ன பார்த்தாய்?" என்று சாமியார் கேட்டார். "யாரோ புருஷனும் பெஞ்சாதியும் பசு கறந்து மண்டையோட்டில் ஊற்றிப் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். மண்டையோட்டைப் பார்த்ததும் வேண்டாம் என்றேன். போகும்போது என் நெற்றியில் கொஞ்சம் தடவிவிட்டுப் போனார்கள்" என்றான். சாமியார் பாய்ந்து அவன் நெற்றியை நக்கினார். அந்த இடத்திலேயே முக்தியடைந்து மறைந்துபோனார்.

"ஆடு கிடைத்ததா?" என்று கேட்டேன்.

சாச்சா யோசித்தார். "அதை யாரும் சொல்லவில்லை" என்றார்.

த்ருன்கோலைத் தாண்டி ஒரு மேடு. அதில் ஏறி நின்றால் எதிரே ஹரமுக், அடியில் நுந்த்கோல். எத்தனை படம் பார்த்திருந்தாலும் அந்த அளவு மனதுக்குப் பழக்கமாகவில்லை. ஏரிக்கு எதிர்க்கரையிலிருந்து கரும்பாறைச் சுவர் நேராக எழும்புகிறது. அதன் மேல்பாதியில் பனியாறு, உடைந்த படிகளாக, வெடிப்பு வெடிப்பாகத் தொங்குகிறது. புதுப்பனி விழுந்த இடம் வெள்ளை. பழைய பனிக்கட்டி தெரியும் வெட்டுகளில் ஒரு அழுக்கான நீலம். அவ்வப்போது எங்கிருந்தோ ஒரு 'டம்' சத்தம். அது நம் காதுக்கு வருவதற்குள் எது விழுந்ததோ அது விழுந்து முடிந்திருக்கும்.

பனியாறு என்ற பெயர் சரியாகவே வந்திருக்கிறது. அது ஓடத்தான் செய்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். ஆண்டுக்கணக்கில் விழும் பனி, தன் எடையாலேயே அழுந்திக் கட்டியாகி, சரிவில் நகரத் தொடங்கும். நகரும்போது அடிப்பாறையோடு உறைந்து ஒட்டி, துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போகும். பெயர்த்த கற்களே உளியாகி, கீழே உள்ள பாறையைத் தேய்க்கும். நாற்காலி போல ஒரு பள்ளம் குடையப்படும். பனி பின்வாங்கியதும் அந்தப் பள்ளத்தில் நீர் நிற்கும். நுந்த்கோல் இருப்பது அப்படி ஒரு குடைவின் அடியில்தான். நீரின் நிறமும் அந்தத் தேய்ப்பின் கணக்குதான். பவுடர் போல நுணுகிய கல்மாவு எளிதில் அடியில் படியாமல் தண்ணீரில் மிதக்கிறது. வெளிச்சத்தின் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிக்கொள்ள, நீலத்தையும் பச்சையையும் அந்தத் துகள்கள் சிதறடித்து நம்மிடம் திருப்பி அனுப்புகின்றன. மதியம் பனி உருகிக் கல்மாவு அதிகமாக இறங்கும்போது ஏரி பால் கலந்த பச்சை. காலையில் இன்னும் தெளிவு. உச்சியில் மரகதம் இருக்கிறது என்று சொன்னவர்கள் முதலில் இந்த ஏரியைப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்த மலையைத் தேடி நான் வந்ததற்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வாழ்பவனுக்கு ஹரமுக் ஒரு விதத்தில் தூரத்து உறவு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்ப்டன் நூறடி எஃகுச் சங்கிலியை வைத்துக்கொண்டு பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோடு அளந்தார். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம், அதன் மேல் இன்னொரு முக்கோணம் என்று இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும் வேலை தொடங்கியது. அரை டன் எடையுள்ள கோணமானியைத் தமிழகக் கோயில் கோபுரங்களின் மேலெல்லாம் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமானது. ஒருவழியாகச் சரி செய்து மறுபடி அளந்தார்கள். முக்கோணங்கள் வடக்கே நகர்ந்து நகர்ந்து, லாம்ப்டன் இறந்து, அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் ஓய்வுபெற்று, 54 வருடம் கழித்து ஹரமுக் வந்து சேர்ந்தன.

1856இல் தாமஸ் மாண்ட்கோமரி என்ற 26 வயது ராணுவப் பொறியாளர் இந்த மலையில் சுமார் 16,000 அடி உயரத்தில் அளவை நிலையம் போட்டார். அங்கிருந்து வடக்கே பார்த்தபோது ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில், காரகோரத்தில், இரண்டு சிகரங்கள் எல்லாவற்றுக்கும் மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. குறிப்பேட்டில் அவற்றை வரைந்து, கே-1, கே-2 என்று எழுதினார். கே-1க்கு மஷர்ப்ரும் என்ற உள்ளூர்ப் பெயர் இருப்பது பிறகு தெரிந்து அது நிலைத்தது. கே-2க்கு எல்லோரும் ஒப்பும் பெயர் கிடைக்காததால், உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரம் இன்றைக்கும் ஒரு சர்வேயரின் குறிப்பெண்ணோடு நிற்கிறது.

இதையெல்லாம் என் ஓட்டை ஹிந்தியில் சாச்சாவுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உங்கள் ஊர் மலை எவ்வளவு உயரம்?"

"முந்நூறு அடி இருக்கும்."

சாச்சா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்குப் பட்ட சிரமம் தாடியில் தெரிந்தது.

ஆனால் அவர் அடுத்துக் கேட்டது கூர்மையானது. "அவ்வளவு கஷ்டப்பட்டு இங்கே ஏறினவன், இந்த மலையைப் பார்க்கவே இல்லையா?" யோசித்துப் பார்த்தால் அது உண்மை. மாண்ட்கோமரிக்கு ஹரமுக் ஒரு ஏணி. அதில் நின்று அவர் வேறொன்றைப் பார்த்தார், நாமும் வேறொன்றுக்காகவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். உச்சியைத் தொட வந்த மலையேறிகள் பிறகு வந்தார்கள். ஸ்ரீநகரில் மருத்துவராக இருந்த எர்னெஸ்ட் நீவ் 1899இல் ஏறியதாகப் பதிவு. ஹரமுக்கைத் தெய்வமாக வணங்கியவர்களோ உச்சிக்குப் போகவே ஆசைப்படவில்லை. அவர்களுடைய பயணம் அடிவாரத்து நீரோடு முடிந்துவிடுகிறது. எனக்கு இந்த இரண்டாவது கட்சிதான் பிடித்திருக்கிறது. மூச்சு வாங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நுந்த்கோலிலிருந்து ஒரு சிறு ஏற்றம் ஏறினால் கங்காபல். நடுவில் பாயும் ஓடையை மரக்கட்டைகள் போட்ட பாலத்தில் கடக்க வேண்டும். கங்காபல் பெரியது, சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளம். நுந்த்கோலின் நெருக்கமும் மிரட்டலும் இங்கே இல்லை. அழகுப் போட்டி வைத்தால் நுந்த்கோல்தான் ஜெயிக்கும். கூடாரங்கள் எல்லாம் அதன் கரையில்தான் இருக்கின்றன. ஆனால் காஷ்மீரிப் பண்டிட்டுகளின் கங்கை இந்தப் பெரிய ஏரி. ஹரித்வார் தூரம் என்பதால் மட்டுமல்ல. இதுவே கங்கை என்பதால், இறந்தவர்களின் அஸ்தியைச் சுமந்து ஆவணி மாத வளர்பிறை அட்டமியை ஒட்டி இங்கே வருவார்கள். அஸ்தி கரைக்கும் இடமாகக் கல்ஹணரே இதைச் சொல்கிறார். இவ்வளவு செங்குத்தான பாதையில் அந்தச் சிறு மூட்டையோடு ஏறியவர்களை நினைத்தால் என் முழங்கால் வலி வாயைத் திறக்காது.

1990இல் பெரும்பாலான பண்டிட் குடும்பங்கள் பள்ளத்தாக்கை விட்டுப் போக நேர்ந்தது. யாத்திரை 2009இல் மறுபடி தொடங்கியது. சிறு கூட்டம், பாதுகாப்போடு வந்து போகிறது. அவர்களுடைய சாமான்களையும் சுமப்பது இதே குதிரைகள்தான். சாச்சாவும் போயிருக்கிறார். "ஒரு அம்மா கரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் என்கிட்ட எங்க வீட்டுப் பிள்ளைகளைப் பத்தி விசாரிச்சாங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பனியாறு பற்றிக் கேட்டதற்கு நிறையச் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது பனி எந்தப் பாறை வரை இறங்கி இருந்தது என்று கை நீட்டிக் காட்டினார். இப்போது அந்த இடம் தேய்த்து வைத்த வெற்றுப் பாறை, வெளிர்ச் சாம்பல் நிறம். செடி கூட இன்னும் பிடிக்காததால் சமீபத்தில்தான் பனி விலகியிருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது. காஷ்மீரின் பனியாறுகள் சுருங்குவது அறிவியலாளர்கள் பல காலமாகச் சொல்லி வருவதுதான். சிந்த் ஆற்றுக்கும் அதை நம்பிய கீழ்ப் பகுதி நெல்வயல்களுக்கும் கோடைக் கடைசியில் வரும் நீர் இந்த உருகலைச் சார்ந்தது. உருகும் பனியின் கீழ் உள்ள ஏரியை வெறும் அழகாகப் பார்க்கும் காலமும் போய்விட்டது. 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரி, பனியாறு குவித்த கல்மண் கரையை உடைத்துக்கொண்டு இறங்கியது நினைவிருக்கும். அதுவும் பக்தர்கள் போய்ப் பார்த்து வணங்கிய ஏரிதான்.

இரவு நுந்த்கோல் கரையில் கூடாரம். பக்கத்துக் கூட்டத்தார் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள்; நடுக்கும் குளிர் பத்து மணிக்குள் அதை நிறுத்தியது. கரையோரம் நூடுல்ஸ் உறைகள் கிடந்தன. மீன்பிடி அனுமதிச் சீட்டோடு வந்த ஒருவர் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மீனும் வந்தேறிதான்: 1900 வாக்கில் வெள்ளைக்காரர்கள் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளாகக் கொண்டுவந்து காஷ்மீர் நீர்களில் விட்டது. இன்று உள்ளூர்ப் பெருமையாகி, சுட்டுத் தின்பவர்கள் அதைக் காஷ்மீரின் சொந்த மீன் என்றே சத்தியம் செய்வார்கள். காலையில் மர்மோட்டுகள் பாறைப் பொந்துகளிலிருந்து எழுந்து நின்று சீட்டியடித்தன. கழுகோ நாமோ, யார் வந்தாலும் அதே சீட்டிதான்.

இறங்கும்போது த்ருன்கோலுக்குக் கீழே, காட்டுப் பாதை மிகவும் குறுகும் இடத்தில், பக்கர்வால் மந்தை ஒன்று எங்களைப் பிடித்துக்கொண்டது. குளிர்காலத்துக்கு முந்திக்கொண்டு கிளம்பிய குடும்பம். முன்னால் கிடாக்கள், அப்புறம் நூற்றுக்கணக்கில் ஆடுகள், நடுவே கூடாரக் கம்பும் பானைகளும் ஏற்றிய குதிரைகள். ஒரு குதிரையின் முதுகில் மூட்டைக்கு மேல் மூட்டையாகக் கட்டப்பட்ட குழந்தை, அதன் மடியில் ஒரு கோழி. பின்னால் வந்த பெண் கோலை நீட்டி எங்களைப் பாறையோரம் ஒதுங்கச் சொன்னார். சாச்சா பேசாமல் ஒதுங்கினார், குதிரையும் ஒதுங்கியது. அரை மணிக்கு மேல் அப்படியே நின்றோம். ஒரு வெள்ளாடு என் பையின் வாரை மென்று பார்த்து, தரம் போதாது என்று துப்பிவிட்டுப் போனது. நாராநாக் வந்து சேர்ந்தபோது கங்கன் போகும் கடைசி ஷேர் சுமோ கிளம்பிவிட்டிருந்தது. சாச்சாவின் அண்ணன் மகனிடம் வண்டி இருந்தது. இரண்டு மடங்கு கேட்டான். சாச்சா அவனை ஒரு முறை முறைத்தார், ஒன்றரை மடங்காயிற்று.